கப்பலேறிப் போன பெயர், கப்பலேறி வந்த பெயர்

வல்லக்கோட்டை முருகன் கோயிலில் கிருத்திகைக் கூட்டம் வந்து வடிந்த மறுநாள் மாலை. ஒரகடம் போகும் வழியில் உள்ள ஒரு காலனியில், நூலகம் என்று நாங்கள் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்ளும் ஒற்றை அறையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். போட்டித் தேர்வுக்கு ஆங்கிலம் படிப்பவர்கள். பாதிப் பேர் முதல் ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள். கழுத்தில் அடையாள அட்டை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

பி.காம். கடைசி வருடம் படிக்கும் தங்கை ஒருத்தி ஆங்கில நாளிதழின் ஒரு பக்கத்தை எங்களிடம் நீட்டினாள். ஏதோ ஒரு நாட்டை மற்ற நாடுகள் ஒதுக்கி வைத்தது பற்றிய செய்தி. தலைப்பில் இருந்த ஒரு சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டிருந்தாள்.

"பரியான்னுதாண்ணா படிச்சேன். அர்த்தம் தெரியலன்னு போன்ல தேடினேன். எப்படிச் சொல்லணும்னு கேக்கறதுக்கு ஒரு ஸ்பீக்கர் படம் இருக்கும்ல, அதை அமுக்கினேன். 'பரையா'ன்னு ஒரு பொம்பளைக் குரல் சொல்லுது."

அகராதியில் 'சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர், இழிந்தவர்' என்று இருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது என்றும் இருந்தது.

"அண்ணா, இது நாமதானா?"

அறையில் யாரும் பேசவில்லை. "ஆமாம்மா" என்றோம். தமிழ் முதுகலை படித்த எங்களுக்கு அதற்கு மேல் சட்டென்று ஒன்றும் வரவில்லை. சிறிது நேரம் கழித்து அவள் இன்னொரு கேள்வியும் கேட்டாள். அதைப் பிறகு சொல்கிறோம்.

துரை வீட்டு அகராதி

ஆங்கிலேயர்கள் இங்கே வந்து ஆண்டபோது தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு கொச்சைமொழி வைத்திருந்தார்கள். நம் ஊர்ச் சொற்களைப் பிய்த்தும் கடித்தும் உருவாக்கிய மொழி அது. அதையெல்லாம் திரட்டி 1886ல் ஒரு பெரிய அகராதி வந்தது. பெயர் 'ஹாப்சன்-ஜாப்சன்'. தொகுத்தவர்கள் இருவர். ஒருவர் வங்காளத்தில் ராணுவப் பொறியாளராக இருந்த ஹென்றி யூல். மற்றவர் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஏ.சி. பர்னல். புத்தகம் வெளிவருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே பர்னல் இறந்துவிட்டார். புத்தகத்தின் பெயரே ஒரு கேலிதான். மொகரம் ஊர்வலத்தில் "யா ஹசன், யா ஹுசைன்" என்று மக்கள் மாரடித்து அழுவதை வெள்ளைச் சிப்பாய்கள் அப்படி உளறினார்கள். ஒரு சமூகத்தின் துக்கம் அவர்களுக்குச் சிரிப்பாக இருந்திருக்கிறது.

அந்த அகராதியில் நம் தமிழ் நிறைய இருக்கிறது. கட்டுமரம், சுருட்டு எல்லாம் உண்டு. மிளகுத்தண்ணீரும் உண்டு. சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்களை மற்ற மாகாணத்து வெள்ளைக்காரர்கள் 'மல்' என்று கிண்டல் செய்வார்களாம். மிளகுத்தண்ணீரை அவர்கள் சொன்ன 'மல்லிகட்டானி'யிலிருந்து வந்த பட்டப்பெயர். தங்களைத் தாங்களே கேலி செய்துகொண்டபோது அது ரசம் வரைக்கும் போய் நின்றுவிட்டது. நம்மைச் சொன்னபோது அப்படி நிற்கவில்லை.

பறையர் என்ற பெயரிலிருந்து வந்த 'பரையா' அதில் தனித்தலைப்பாக இருக்கிறது. அதன் பின்னாலேயே வரிசை கட்டி நிற்பவற்றைப் பாருங்கள். தெருவில் ஆளில்லாமல் திரியும் நாய்க்குப் 'பரையா நாய்'. குப்பைமேட்டில் வட்டமிடும் ஊர்ப்பருந்துக்குப் 'பரையா பருந்து'. மட்டமான சாராயத்துக்குப் 'பரையா சாராயம்'. எது மட்டமோ, எதற்கு உரிமையாளர் இல்லையோ, அதன் தலையில் நம் பெயர்.

தொகுத்தவர்களுக்கு உண்மை தெரியாமல் இல்லை. தமிழ்நாட்டில் எண்ணிக்கையில் மிகப் பெரிய சமூகங்களில் இது ஒன்று என்றும், பறை என்னும் இசைக்கருவியிலிருந்து வந்த பெயர் என்றும், ஐரோப்பியர்கள்தான் இதைக் கண்டபடி விரித்துப் பயன்படுத்துகிறார்கள் என்றும் அந்த நூலே சொல்கிறது. ஆனால் அகராதி எழுதுபவர் அடிக்குறிப்பு போல ஒன்றைச் சொல்வதற்குள், சொல் கப்பலேறிப் போய்விடுகிறது. 16ஆம் நூற்றாண்டிலேயே போர்த்துக்கீசியர்கள் இந்தப் பெயரை எழுதி வைத்தார்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்குப் போனது. 1791ல் பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்தின் த சேன்-பியர் ஒரு 'பரையா'வைக் கதாநாயகனாக வைத்துக் கதை எழுதினார். ஜெர்மானிய சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் யூதர்களைப் 'பரையா மக்கள்' என்றார். யூதப் பெண் அறிஞர் ஹன்னா அரெண்ட் 1944ல் அதே சொல்லை எடுத்து, ஒதுக்கப்பட்ட யூதரின் பெருமையாக மாற்றி எழுதினார். அவர் இழிவாகச் சொல்லவில்லை. ஆனாலும், உலகத்தில் ஒதுக்கப்பட்ட எல்லாரையும் பற்றிப் பேசிய அந்தச் சொல்லின் சொந்தக்காரர்கள் அப்போது செங்கல்பட்டு வயல்களில் நடவு நட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பற்றி அங்கே யாரும் விசாரிக்கவில்லை.

இப்போதும் நிற்கவில்லை. 2019 நவம்பரில் அமெரிக்காவில் அதிபர் வேட்பாளருக்கான விவாத மேடையில் ஜோ பைடன், சவுதி அரேபியாவைப் 'பரையா' ஆக்குவோம் என்றார். கறுப்பின மக்களை இழிவாகச் சொல்லும் சொல்லை அந்த மேடையில் யாராவது சொல்லியிருந்தால் அடுத்த நிமிடமே மேடை போயிருக்கும். இந்தச் சொல்லுக்கு ஒரு சலசலப்பும் இல்லை. சொன்னவருக்கு அது ஒரு சமூகத்தின் பெயர் என்ற நினைப்புகூட இருந்திருக்காது. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் இருந்திருக்காது.

எல்லாப் பழியையும் துரை தலையில் போட்டுவிட்டு நாம் கை கழுவிக்கொள்ள முடியாது. துரைக்கு இந்த இழிவை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? சென்னையில் வெள்ளைக்காரர் வீட்டில் சமைத்தவர்கள், குழந்தை வளர்த்த ஆயாக்கள், குதிரை பார்த்தவர்கள் பலர் நம் மக்கள். துரை அவர்கள் கையால் சாப்பிட்டார். அவர்கள் 'தீட்டு' என்று அவருக்குத் தானாகத் தெரிய வழியில்லை. பக்கத்தில் நின்ற துபாஷிகளும் கணக்கர்களும் சொல்லித்தான் தெரியும். இழிவு இங்கேயே தயாரானது. ஆங்கிலம் அதற்கு மைக் பிடித்தது. நம் பழமொழித் தொகுப்புகளைப் புரட்டிப் பாருங்கள், ஹாப்சன்-ஜாப்சன் எவ்வளவோ மேல் என்று தோன்றும். இதே பெயர் புறநானூற்றின் 335ஆம் பாட்டில், மாங்குடி கிழார் பெருமையோடு எண்ணிச் சொல்லும் நான்கு குடிகளில் ஒன்றாக நிற்கிறது. அங்கிருந்து பழமொழி வரைக்கும் அதை இறக்கிக்கொண்டு வந்தது எந்த வெள்ளைக்காரனும் இல்லை.

மாமனும் மைத்துனனும்

இந்தப் பெயரை என்ன செய்வது என்ற கேள்வி நம் தலைவர்களுக்கு 130 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. அதுவும் ஒரே குடும்பத்துக்குள்.

செங்கல்பட்டுச் சீமையின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893ல் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பறையன்'. எந்தச் சொல்லைச் சொல்லி நம்மைக் குனிய வைக்கிறார்களோ, அதையே அச்சில் ஏற்றித் தலைநிமிர்ந்து நிற்பது அவர் வழி. அவர் தங்கையை மணந்தவர் அயோத்திதாசப் பண்டிதர். பண்டிதருக்கு இதில் உடன்பாடு இல்லை. இது பகைவர் சூட்டிய இழிபெயர், நாம் பூர்வ பௌத்தர்கள், இந்தப் பெயரை நாமே ஏன் சுமக்க வேண்டும் என்பது அவர் கட்சி. 1907ல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழின் பெயரிலேயே அவருடைய பதில் இருக்கிறது.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் இதைச் சொன்னபோது பையன்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். பறையிசைக் குழுவில் இருக்கும் ஒரு தம்பி சீனிவாசன் பக்கம். "நான் மேடையில பறை அடிச்சா கைதட்டறாங்கண்ணா. அப்புறம் எதுக்கு வெட்கப்படணும்?" என்றான். டயர் கம்பெனி ஒன்றில் ஒப்பந்த வேலை பார்க்கும் இன்னொரு தம்பி, "மேடையில தட்டுவான். கேன்டீன்ல தட்டுவானா?" என்று கேட்டான். நாங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. மாமன் மைத்துனனுக்குள்ளேயே தீராத வழக்கு அது.

அரசாங்கம் ஒரு வழியாக இறங்கிவந்தது 1922ல். சென்னைச் சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா அந்த ஆண்டு ஜனவரி 20ஆம் தேதி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அரசு ஆவணங்களில் பறையர், பஞ்சமர் என்ற சொற்களை நீக்கி, தமிழ்ப் பகுதிகளில் ஆதிதிராவிடர் என்றும் தெலுங்குப் பகுதிகளில் ஆதி ஆந்திரர் என்றும் எழுத வேண்டும் என்பது தீர்மானம். மார்ச் 25ஆம் தேதி அரசாணை எண் 817 வந்தது. இன்று நம் சாதிச் சான்றிதழில் இருக்கும் சொல்லுக்கு வயது நூற்றுச் சொச்சம் என்பது பல மாணவர்களுக்குத் தெரியாது.

பெயர் வைக்க விரும்பியவர்களுக்கு என்றைக்கும் குறைவில்லை. நம் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர் மேல்கோட்டையில் நம்மவர்களைத் 'திருக்குலத்தார்' என்று அழைத்தார் என்பது வைணவ மரபு. காந்தி 'ஹரிஜன்' என்றார். அந்தச் சொல்லைச் சட்ட முன்வரைவில் போட்டதற்காக 1938ல் அம்பேத்கரும் அவர் கட்சியினரும் பம்பாய் சட்டமன்றத்திலிருந்து வெளியேறினார்கள். சாதிச் சான்றிதழில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தாதீர்கள் என்று மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது 1982ல். தெய்வத்தின் பெயரைச் சேர்த்தாலும் குடத்தைத் தொட விடவில்லை என்றால் அதுவும் வசையாகத்தான் முடிகிறது.

கூலி, சாமி

கப்பலேறிப் போனது பெயர் மட்டும் இல்லை. ஆட்களும் போனார்கள். 1860 நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு போய் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இறக்கியது. கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகள். நமக்குக் கூலி என்றால் செய்த வேலைக்கு வாங்கும் காசு. அதில் இழிவு ஒன்றும் இல்லை. ரஜினி படத்துக்கே பெயர் வைக்கிறோம். ஆங்கிலத்தில் காசின் பெயர் ஆளின் பெயராகி, அப்புறம் ஒரு நிறத்தின், ஒரு இனத்தின் பெயராகிவிட்டது. அந்தச் சொல்லின் வேர் குஜராத்தின் கோலி சமூகப் பெயர் என்று சொல்பவர்களும் உண்டு. எந்த வேராக இருந்தாலும், தென்னாப்பிரிக்காவிலும் கரீபியன் தீவுகளிலும் இன்று அதைச் சொன்னால் சண்டைதான்.

காந்தி தன் சுயசரிதையில் இன்னொரு சொல்லைப் பற்றி எழுதுகிறார். அங்கே வெள்ளைக்காரர்கள் இந்தியர்களைச் 'சாமி' என்றும் கூப்பிட்டார்கள். முனுசாமி, குப்புசாமி, கந்தசாமி என்று தமிழர் பெயர்கள் சாமியில் முடிவதைப் பார்த்து வைத்த ஏளனப் பெயர். துணிச்சல்காரர்கள் சிலர் திருப்பிக் கேட்பார்களாம்: சாமி என்றால் எஜமான் என்று அர்த்தம், நான் உனக்கு எஜமானா? சிலர் இதைக் கேட்டு நெளிவார்கள், சிலர் அடிக்க வருவார்கள் என்கிறார் காந்தி. ஹாப்சன்-ஜாப்சனிலும் 'ராமசாமி' இருக்கிறார். தென்னாட்டுக்காரன் எவனுக்கும் பொதுப்பெயர் என்று ஒரு பொருள். சுருட்டுப் பற்றவைக்கும் ஒருவகைத் திரிக்கும் அதே பெயர் என்று இன்னொரு பொருள்.

மலேசியாவில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. அப்துல்லா ஹுசைன் என்பவர் எழுதிய 'இன்டர்லோக்' என்ற மலாய் நாவல் ஐந்தாம் படிவ மாணவர்களுக்குப் பாடநூலாக வைக்கப்பட்டது. அங்கே போன தமிழர்களைப் பற்றிப் பேசும் பகுதியில் 'பரியா' என்ற சொல் இருந்தது. மலாய் மொழியில் அது கடுமையான வசை. பெற்றோர்களும் அமைப்புகளும் 2011 முழுக்கப் போராடினார்கள். திருத்தி வெளியிடுகிறோம் என்று அரசு முதலில் சொன்னது. அந்த ஆண்டு இறுதியில் பாடத்திட்டத்திலிருந்தே நாவலை எடுத்துவிட்டார்கள். வெற்றிதான். ஆனால் ஒரு நெருடல் உண்டு. ஒரு சமூகத்தின் பெயரை வசையாக்காதே என்று சொல்வது ஒன்று. எங்களைப் போய் அந்தச் சமூகம் என்று சொல்லிவிட்டாயே என்று கொதிப்பது வேறு. கடல் தாண்டியும் சிலர் கோபத்தில் இரண்டாவதுதான் இருந்தது. வகுப்பறையில் உட்கார்ந்திருந்த உண்மையான பறையர் வீட்டுப் பிள்ளை இரண்டு பக்கத்திலும் அடி வாங்கியது.

நம் பக்கத்துக் கதையையும் சொல்லிவிட வேண்டும். ஒரகடத்தைச் சுற்றி இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் லைன் வீடுகளில் ஒரு அறைக்கு ஆறு பேர், எட்டுப் பேர் என்று இருக்கிறார்கள். அவர்களை 'வடக்கன்' என்று கூப்பிடுகிறவர்களில் நம் காலனிப் பிள்ளைகளும் உண்டு. இலங்கைத் தோட்டத்தில் நம் முன்னோர் இருந்த வரிசை வீட்டுக்கு 'லயம்' என்று பெயர். அதுவும் இதே 'லைன்'தான்.

ரெண்டு இங்கிலீஷ் எழுத்து

இப்போது அந்தத் தங்கையின் இரண்டாவது கேள்விக்கு வருகிறோம்.

அவள் ஒரு கம்பெனி வேலைக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். "அட்ரஸ்ல காலனின்னு போடணுமாண்ணா? போன தடவை இன்டர்வியூல அதைப் பார்த்துட்டு, 'காலனின்னா எந்தக் காலனி?'ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. வேலை வரலை" என்றாள். வேலை கிடைக்காததற்கு அதுதான் காரணமா என்று அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அந்த இரண்டாவது தடவைதான் அவளை உறுத்துகிறது.

காலனி என்பது கப்பலேறி நம்மிடம் வந்த சொல். லத்தீனில் நிலத்தை உழுகிறவனுக்குக் 'கொலோனஸ்' என்று பெயர். உழவர்களைக் குடியேற்றிய இடம் 'கொலோனியா'. அப்புறம் அது வெள்ளைக்காரன் பிடித்த நாடுகளுக்குப் பெயரானது. நாமே ஒரு காலனி நாடாக இருந்தோம். நாடு விடுதலை அடைந்தது. ஊருக்கு வெளியே அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகளுக்கு அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. சென்னையில் ரயில்வே காலனி, அதிகாரிகள் காலனி என்றால் யாரும் புருவம் உயர்த்துவதில்லை. கிராமத்தில் 'ஊரா, காலனியா?' என்று கேட்டால் அது ஒரே ஒரு கேள்விதான்.

அதற்கு முன்பிருந்த சேரிக்கும் இதே கதி. நம் மாவட்டத்து உத்திரமேரூரில், குடவோலை முறை பற்றிய பராந்தக சோழனின் கல்வெட்டைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட அந்த ஊரின் பகுதிகளுக்கே அந்தக் கல்வெட்டில் சேரி என்றுதான் பெயர், 12 சேரிகள். சேர்ந்து வாழும் இடம் சேரி. பாண்டிச்சேரியும் சேரிதான். அந்தச் சொல் நம்மோடு ஒட்டியதும் நாறத் தொடங்கியதாம். மாற்றாக வந்த ஆங்கிலச் சொல்லும் ஐம்பது அறுபது வருடத்தில் அதே கதிக்கு வந்துவிட்டது.

2025 ஏப்ரல் 29ஆம் தேதி சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், காலனி என்ற சொல் தீண்டாமையின் குறியீடாகவும் வசையாகவும் மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அது நீக்கப்படும் என்று அறிவித்தார். வரவேற்கிறோம். 1922 தீர்மானத்தை வரவேற்றவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இதையும் வரவேற்காமல் இருக்க முடியாது. ஆனால் அன்று அந்த அறையில் எங்களோடு இருந்த ஒரு பெரியவர் சொன்னது எங்களை யோசிக்க வைத்தது.

அவர் அந்தக் காலத்தில் கர்ணத்துக்கு எடுபிடியாக இருந்தவர். "கணக்குப் புஸ்தகத்தை நாந்தாம்பா தலை மேல தூக்கினு போவேன். எனக்குப் படிக்கத் தெரியாது. சில சர்வே நம்பருக்கு நேரா ரெண்டு இங்கிலீஷ் எழுத்து இருக்கும். 'இது உங்க ஆளுங்க நிலம்டா'ன்னு கர்ணம் ஒரு நாள் சிரிச்சிக்கினே சொன்னாரு. எதுக்குச் சிரிச்சாருன்னு அப்ப தெரியல."

அந்த இரண்டு எழுத்து 'டி.சி.'. ஒடுக்கப்பட்ட வகுப்பு என்பதற்கான காலனியகால ஆங்கிலச் சொல்லின் சுருக்கம்.

அதன் கதை இந்த மண்ணிலேயே தொடங்கியது. வல்லக்கோட்டையும் ஒரகடமும் அன்று செங்கல்பட்டு ஜில்லாவுக்குள் இருந்தன. அதன் கலெக்டர் ஜே.எச்.ஏ. திரமென்ஹீர் 1891ல் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். தலைப்பு, 'செங்கல்பட்டுப் பறையர்கள் பற்றிய குறிப்பு'. ஆங்கிலத் தலைப்பில் இருப்பது அதே 'பரையா'. ஆனால் உள்ளே இருந்தது வேறு. நம் மக்களுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, மிராசுதார் நினைத்தால் குடிசையைப் பிய்த்து எறியலாம், கடன் சீட்டில் கைநாட்டு வைத்துத் தலைமுறையாக அடிமை வேலை செய்கிறார்கள், தரிசு நிலம் கேட்டு மனு போட்டால் மிராசு உரிமை குறுக்கே நிற்கிறது என்று அவர் வரிசையாக எழுதினார். நிலமும் மனையும் பள்ளிக்கூடமும் கொடுக்க வேண்டும் என்றார். அதையொட்டி 1892 செப்டம்பர் 30ஆம் தேதி வருவாய்த்துறை அரசாணைகள் 1010, 1010ஏ வந்தன. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதன் வழியில் வந்தது. பத்து ஆண்டுக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம். மாநிலம் முழுக்க சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது தலித் இயக்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. அதில் பெரும்பகுதி கை மாறிப்போயிற்று. மீட்கக் கேட்டு 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். காரணை என்ற ஊர்ப் பெயரைச் சொன்னால் நம் பெரியவர்களுக்கு இன்றும் அந்த நாள் ஞாபகம் வரும்.

ஒரு நிலம் பஞ்சமி நிலம் என்று மெய்ப்பிக்க எதைக் காட்ட வேண்டும்? பழைய செட்டில்மென்ட் பதிவேட்டைத்தான். 1979 முதல் 1987 வரை நடந்த யூடிஆர் பதிவில் பல இடங்களில் நிபந்தனைக் குறிப்பு புதிய கணக்குக்கு வராமலே போய்விட்டது. ஆகவே பழைய ஏட்டில் இருக்கும் அந்தப் பழைய, இழிவான, இன்று யாரும் சொல்லக் கூசும் சொல்தான் சாட்சி. 'பறையன்', 'பஞ்சமர்', 'டி.சி.' என்று எழுதியவனுக்கு நம் மேல் மரியாதை இருந்திருக்காது. ஆனாலும் அந்த எழுத்து இருந்தால்தான் நிலம் நம்முடையது.

அதனால் காலனி என்ற பெயரை மாற்றும்போது பழைய ஏட்டைத் திருத்தக் கூடாது. புதிய பெயரை எழுதி, 'முன்பு இன்ன பெயர்' என்று பக்கத்தில் குறிப்பு வைக்க வேண்டும். கணினியில் ஏற்றும்போது பழைய பக்கங்களையும் அப்படியே படமெடுத்து வைக்க வேண்டும். நூறு ஏக்கர், இருநூறு ஏக்கர் என்று தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கிற இந்தப் பகுதியில் ஒரு சொல் கணக்கிலிருந்து விழுந்தால் அதன் விலை கோடிகளில் இருக்கும். படிக்கிற பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பழைய பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணம் ஒட்டிக் கேட்கலாம். எங்கள் வட்டத்தில் மூன்று பேர் மனு எழுதியிருக்கிறார்கள்.

வாயில் வரும் சொல் வேறு கணக்கு. அதற்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பொதுப்பார்வையில் சாதிப்பெயர் சொல்லி இழிவுபடுத்தினால் குற்றம். "அது வெறும் தொழில் பெயர்தானே, அகராதியில் அப்படித்தானே இருக்கிறது" என்று எதிர்த்தரப்பு வாதம் செய்வதுண்டு. வட இந்தியாவில் ஒரு சாதிப்பெயரைச் சொல்லித் திட்டிய வழக்கில், 2008ல் உச்ச நீதிமன்றம் ஸ்வரண் சிங் தீர்ப்பில் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. ஒரு சொல்லின் வேர்ப்பொருள் முக்கியமில்லை, மக்கள் இன்று அதை என்ன பொருளில் வழங்குகிறார்கள், சொன்னவர் நோக்கம் என்ன என்று பார்க்க வேண்டும் என்றது. மொழி படித்த எங்களைவிட நீதிபதிகளுக்கு இந்த விஷயத்தில் தெளிவு அதிகம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தத் தங்கையின் விண்ணப்பம் மறுநாள் இரவு 12 மணிக்குள் போயாக வேண்டும். ஆதாரில் காலனி. ரேஷன் கார்டில் காலனி. வாக்காளர் அட்டையில் தெருப் பெயர் இருக்கிறது, ஊர்ப் பெயர் தப்பாக இருக்கிறது. புதுப் பெயர் வந்தாலும் எல்லா அட்டையிலும் மாறுகிறவரை ஒன்றோடொன்று பொருந்தாது. பொருந்தாவிட்டால் சரிபார்ப்பில் நிற்கும்.

"காலனின்னே போட்டுட்டேன்ணா" என்று காலையில் போன் செய்தாள். "இந்தத் தடவை எந்தக் காலனின்னு கேட்டா என்ன சொல்லணும்னு மட்டும் யோசிச்சு வெச்சிருக்கேன்."

என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்டோம். கம்பெனி பஸ் வந்துவிட்டது, அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.